கீழ ரோமன் கோயில், மேல 10 மாடி ஆபீஸ்: லண்டன்ல ப்ளூம்பெர்க் கட்டின பசுமை கட்டடம்

கி.பி. 57ம் வருஷம் ஜனவரி 8ம் தேதி லண்டன்ல ஒருத்தர் இன்னொருத்தருக்கு ப்ரோநோட்டு எழுதிக் குடுத்திருக்கார். எழுதிக் குடுத்தவர் பேரு திபுல்லஸ், வெனுஸ்டஸ்ங்கிறவர்கிட்ட அடிமையா இருந்து விடுதலையானவர். வாங்கிக்கிட்டவர் கிராட்டஸ், அவரும் ஸ்பூரியஸ்ங்கிறவர்கிட்ட இருந்து விடுதலையானவர்தான். வித்து ஒப்படைச்ச சரக்குக்கு 105 தெனாரியஸ் நான் தரவேண்டி இருக்கு, அவ்வளவுதான் விஷயம். தெனாரியஸ்ங்கிறது ரோமன் வெள்ளிக் காசு, அப்ப ஒரு ரோமன் சிப்பாயோட வருஷ சம்பளமே 225 தெனாரியஸ், அதனால இது சின்னக் கடன் இல்ல, கிட்டத்தட்ட அரை வருஷ சம்பளம்.

இது எழுதினது பேப்பர்ல இல்ல, மரப்பலகைல. பலகையோட நடுவுல லேசா குழிச்சு அதுல கருப்பு தேன்மெழுகை ஊத்தி, காஞ்சதும் எழுத்தாணியால கீறுவாங்க. நம்ம ஓலைச்சுவடி மாதிரியேதான், என்ன, ஓலைல கீறினா கீறினதுதான், இதுல மெழுகைத் தடவி அழிச்சுட்டு திரும்ப எழுதலாம். 1,950 வருஷத்துல மெழுகு எல்லாம் போயிடுச்சு, ஆனா எழுத்தாணியை அழுத்திப் பிடிச்சவங்க கை, மெழுகைத் தாண்டி மரத்துலயும் கொஞ்சம் கீறி வச்சிருக்கு, அந்தக் கீறலை பல கோணத்துல லைட் அடிச்சு போட்டோ எடுத்துத்தான் படிச்சிருக்காங்க. பிரிட்டன்ல கிடைச்சதுலயே தேதி போட்ட மிகப் பழைய கையெழுத்து ஆவணம் இதுதான்.

இது கிடைச்ச இடம்தான் இந்தக் கட்டுரைக்கு விஷயம். உலகம் பூரா ஷேர் மார்க்கெட்காரங்களுக்கு விலையும் கடன் பத்திர விவரமும் வித்து சம்பாதிக்கிற ப்ளூம்பெர்க் கம்பெனி, தன்னோட ஐரோப்பிய தலைமை ஆபீஸுக்கு அஸ்திவாரம் தோண்டின குழில கிடைச்சது இந்தக் கடன் பத்திரம். கதைல எழுதினா ஓவரா இருக்குன்னு சொல்லுவோம்.

அந்த ஆபீஸ் 2017 அக்டோபர்ல திறந்தாங்க. டிசைன் பண்ணினது ஆர்க்கிடெக்ட் நார்மன் ஃபாஸ்டரோட கம்பெனி, ஃபாஸ்டர் ப்ளஸ் பார்ட்னர்ஸ். 3.2 ஏக்கர் இடம், 11 லட்சம் சதுர அடி, 10 மாடி. பிரிட்டன்ல கட்டடங்களோட சுற்றுச்சூழல் தரத்துக்கு மார்க் போடுற ப்ரீயம்னு ஒரு முறை 1990ல இருந்து இருக்கு, அதுல டிசைன் கட்டத்துல 98.5 சதவீதம் வாங்கிச்சு. பெரிய ஆபீஸ் கட்டடங்கள்ல அதுவரைக்கும் யாரும் அவ்வளவு வாங்கினதில்ல. மறுவருஷம், பிரிட்டன்ல வருஷா வருஷம் சிறந்த கட்டடத்துக்கு குடுக்கிற ஸ்டெர்லிங் பரிசும் கிடைச்சது. உடனே ரெண்டு கோஷ்டி கிளம்பிடுச்சு, ஒண்ணு இதுதான் எதிர்காலம்னு சொல்ற கோஷ்டி, இன்னொண்ணு கோடிக்கணக்குல கொட்டிக் கட்டின ஆபீஸுக்கு பசுமைன்னு பேரா அப்படிங்கிற கோஷ்டி. எனக்கு ரெண்டுமே பாதி பாதிதான் சரின்னு தோணுது, ஏன்னா இந்தக் கட்டடம் இப்படி ஆனதுக்கு பாதிக் காரணம் ஆர்க்கிடெக்டும் இல்ல பணமும் இல்ல, அந்த ஊரு.

முதல்ல மண்ணுல இருந்து ஆரம்பிக்கலாம். லண்டன்ல சிட்டின்னு சொல்றது ஊர் பூரா இல்ல, நடுவுல ஒரு சதுர மைல் அளவுல இருக்கிற பழைய ஊர், ரோமானியர் உண்டாக்கின லொண்டினியம் அங்கதான் இருந்தது. அதுக்கு குறுக்க வால்ப்ரூக்னு ஒரு சின்ன ஆறு ஓடி தேம்ஸ்ல விழும். இப்ப அது தெருவுக்கு அடில போயிடுச்சு, பேரு மட்டும் ஒரு தெருவுக்கு இருக்கு. அந்த ஆத்தங்கரை சேறுதான் மரப்பலகையைக் காப்பாத்தினது. சேத்துல எப்பவும் தண்ணி நின்னுக்கிட்டே இருந்ததால ஆக்ஸிஜன் உள்ள போகல, ஆக்ஸிஜன் இல்லாம மரத்தைத் தின்னுற கிருமி வாழாது, அதனால மரம், தோல், கூடை எல்லாம் நேத்து போட்ட மாதிரி கிடைச்சது.

2010ல இருந்து 2014 வரைக்கும் மியூசியம் ஆஃப் லண்டன் ஆர்க்கியாலஜிங்கிற தொல்லியல் குழு, மோலான்னு சொல்லுவாங்க, இங்க தோண்டினாங்க. 14,000க்கு மேல பொருள், அதுல 405 எழுத்துப் பலகை, படிக்க முடிஞ்சது 80க்கு மேல. ஒண்ணுல லண்டன்ல இருக்கிற மொகோந்தியஸுக்குன்னு விலாசம் போட்டிருக்கு, லண்டன்ங்கிற பேரு எழுத்துல கிடைச்ச மிகப் பழைய இடம் அதுதான். எனக்கு பிடிச்சது இன்னொண்ணு. கி.பி. 62 அக்டோபர் 21ம் தேதி போட்ட ஒப்பந்தம், வெருலாமியத்துல இருந்து, அதாவது இன்னைக்கு இருக்கிற செயின்ட் ஆல்பன்ஸ்ல இருந்து, 20 சுமை மளிகைச் சாமானை நவம்பர் 13க்குள்ள லண்டனுக்கு கொண்டு வந்து சேர்க்கணும், ஒரு சுமைக்கு வாடகை கால் தெனாரியஸ். சும்மா லாரி வாடகை பில்லு மாதிரிதான் இருக்கு, ஆனா ராணி பவுடிக்கா கிளர்ச்சி பண்ணி லண்டனையும் வெருலாமியத்தையும் எரிச்சு தரைமட்டமாக்கினது கி.பி. 60 இல்ல 61லதான். எரிஞ்சு ஒண்ணு ரெண்டு வருஷம்தான் ஆச்சு, அதுக்குள்ள ரெண்டு ஊருக்கும் நடுவுல சரக்கு ஓட ஆரம்பிச்சிருச்சு.

இந்த இடத்துக்கு இன்னொரு பழைய கதையும் இருக்கு. ரெண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்து நாசமான இடம் இது, போர் முடிஞ்சு பக்லர்ஸ்பரி ஹவுஸ்னு ஒரு 14 மாடி ஆபீஸ் கட்ட ஆரம்பிச்சப்ப, டபிள்யூ.எஃப். கிரைம்ஸும் ஆட்ரி வில்லியம்ஸும்னு ரெண்டு தொல்லியல் ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்துட்டு இருந்தாங்க. தோண்டுறதுக்கு குடுத்த நாள் முடியப் போற நேரத்துல, 1954 செப்டம்பர் 18ம் தேதி, மண்ணுக்குள்ள இருந்து ஒரு பளிங்குத் தலை வந்தது. மித்ராஸ்ங்கிற சாமியோட தலை. ஏதோ கட்டடம்னு நெனச்சுட்டு இருந்தது மித்ராஸ் கோயில், கி.பி. 240 வாக்குல கட்டினது. பேப்பர்ல வந்ததும் ஜனங்க வரிசைல நிக்க ஆரம்பிச்சாங்க, மொத்தமா 4 லட்சம் பேர் வந்து பார்த்ததா கணக்கு. குண்டு விழுந்த ஊர்ல, ரேஷன் அப்பத்தான் முடிஞ்ச வருஷத்துல, சேத்துக் குழியைப் பார்க்க 4 லட்சம் பேர். மேட்டர் சர்ச்சில் அமைச்சரவை வரைக்கும் போச்சு.

கடைசில என்ன ஆச்சுன்னா, கோயிலைக் கழட்டிட்டாங்க. ஆபீஸ் கட்டுற வேலை நிக்கல, ப்ளான்படி எழும்பிடுச்சு. கழட்டின கல்லை சில வருஷம் போட்டு வச்சிருந்து, 1962ல கொஞ்சம் தள்ளி ரோட்டோரத்துல ஒரு மேடை மேல திருப்பி அடுக்கினாங்க, நவீன சிமென்ட் போட்டு, தரைக்கு உடைஞ்ச கல்லை பதிச்சு, வீட்டு வாசல் மாதிரி. தரைக்கு அடில இருட்டா இருக்கவேண்டிய கோயில், மித்ராஸ் வழிபாடே குகை மாதிரி இடத்துலதான் நடக்கும், அது பட்டப்பகல்ல பஸ் புகைல நின்னுச்சு. தோண்டின கிரைம்ஸுக்கே அதுல திருப்தி இல்ல.

இப்ப 2010க்கு வருவோம். ப்ளூம்பெர்க் இந்த இடத்தை வாங்குறதுக்கு முன்னாடி, இதே ஃபாஸ்டரும் பிரான்ஸ் ஆர்க்கிடெக்ட் ஜான் நுவெலும் சேர்ந்து வேற முதலாளிக்கு இங்க வால்ப்ரூக் ஸ்கொயர்னு ஒரு திட்டம் போட்டிருந்தாங்க, அது ஸ்டார் வார்ஸ் பட வில்லன் டார்த் வேடரோட ஹெல்மெட் மாதிரி இருக்குன்னு கிண்டல் பண்ணினாங்க, கடைசில கைவிட்டாங்க. ப்ளூம்பெர்க் வாங்கினதும் கோயில் சம்பந்தப்பட்ட பொறுப்பும் சேர்ந்தே வந்தது, பழைய இடத்துக்கு பக்கத்துலயே திருப்பி வைக்கணும்.

அடுத்து உயரம். இங்க இருந்து கொஞ்ச தூரத்துல செயின்ட் பால்ஸ் தேவாலயம் இருக்கு, கிறிஸ்டோஃபர் ரென் கட்டினது, டூம் உச்சி 111 மீட்டர். 1933ல இதே குயின் விக்டோரியா தெருவுல ஃபாரடே பில்டிங்னு ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கட்டினாங்க, அது தேம்ஸ் பக்கம் இருந்து பார்த்தா டூமை மறைச்சுடுச்சு, ஊரே கத்துச்சு, அப்புறம்தான் 1930கள் கடைசில செயின்ட் பால்ஸை சுத்தி இவ்வளவு உயரத்துக்கு மேல கட்டக்கூடாதுன்னு ஒரு ஏற்பாடு வந்தது. அந்தப் பக்கத்துல கட்டுறவங்க எல்லாருக்கும் இந்த டூம் தலைக்கு மேல நிக்கிற வாத்தியார் மாதிரி. இதே ஃபாஸ்டர்தான் கொஞ்ச தூரத்துல 2004ல வெள்ளரிக்காய்ன்னு செல்லமா கூப்பிடுற 180 மீட்டர் டவரைக் கட்டினார், இங்க வந்து 10 மாடில நிறுத்திட்டார். இடிச்ச பழைய கட்டடமே 14 மாடின்னு ஞாபகம் வச்சுக்கணும், புதுசு வந்து ஊர் குட்டையானது அபூர்வம்.

இந்த உயரக் கட்டுப்பாடுதான் மத்த எல்லாத்தையும் தீர்மானிக்குது, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. மேல போக முடியாது, அப்ப 11 லட்சம் சதுர அடியை எங்க வைக்கிறது, பக்கவாட்டுலதான் பரப்பணும். பரப்பினா ஒவ்வொரு மாடியும் ஃபுட்பால் கிரவுண்டு மாதிரி அகலமாகும், அகலமானா நடுவுல உக்கார்றவனுக்கு ஜன்னலும் இல்ல வெளிச்சமும் இல்ல காத்தும் இல்ல, ஆக நாள் பூரா லைட்டு, வருஷம் பூரா ஏசி. டவர் கட்டினா ஜன்னல் பக்கத்துல இருக்கு, குட்டையா கட்டினா ஜன்னல் தூரத்துல போயிடுது. பழைய ஊருக்கு மரியாதை குடுக்கப் போய் கரண்ட் பில்லு ஏறும், இதுதான் சிக்கல். இந்தக் கட்டடத்துல இருக்கிற பாதி தந்திரம் இந்த ஒரு சிக்கலை அவிழ்க்கிறதுக்குத்தான்.

முதல் வேலை, மொத்த இடத்தையும் ஒரே டப்பாவா கட்டாம ரெண்டா வெட்டினாங்க. வெட்டுன கோடு வாட்லிங் தெருங்கிற பழைய ரோமன் ரோடு போன வழி. 1950கள்ல வந்த ஆபீஸ் அந்த வழியை அடைச்சிருந்தது, இப்ப அது கூரை போட்ட நடைபாதை, ரெண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடை, யாரு வேணா நடந்து போலாம், மேல பாலம் ரெண்டு கட்டடத்தையும் சேர்க்குது. கம்பெனி ஆபீஸ்ல அடையாள அட்டை இல்லாம நடந்து போறது சும்மா விஷயம் இல்ல. வால்ப்ரூக் பக்கம் பேங்க்ங்கிற சுரங்க ரயில் ஸ்டேஷனுக்கு ஒரு புது வாசலும் கட்டடத்துக்குள்ளயே வச்சிருக்காங்க, 2018 நவம்பர் கடைசில திறந்தது.

ரெண்டாவது, வெளிச் சுவர். 9,600 டன் மணற்கல், டெர்பிஷயர்ல இருந்து வந்தது, அதுல சட்டம் மாதிரி தூண் நிக்குது, தூணுக்கு நடுவுல ஜன்னலுக்கு முன்னாடி வெண்கலத்துல பெரிய பெரிய மடல் நிறுத்தியிருக்காங்க. மொத்தம் 600 டன் வெண்கலம். ரோட்டுல இருந்து பார்த்தா வெறும் அலங்காரம்னு தோணும். அது நிஜத்துல மீனோட செவுள் மாதிரி வேலை செய்யுது. வெயில் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் மடல் நெருக்கமாவும் அதிகமா சாஞ்சும் இருக்கும், நிழல் விழுற பக்கம் விலகி இருக்கும். மடலுக்கு பின்னாடி காத்து உள்ள வர்ற வழி, ரோட்டு இரைச்சலை மட்டும் அடக்கிட்டு காத்தை விடும். வெளி காத்து பக்குவமா இருக்கிற மாசத்துல மெஷினை அடக்கிட்டு இந்த செவுளைத் திறந்து விட்டுருவாங்க, காத்து ஓரத்துல நுழைஞ்சு மாடியைக் கடந்து நடு முற்றத்துக்கு வந்து, சூடாகி, மேல ஏறி கூரை வழியா போயிடும். தொட்டிக்கட்டு வீட்டுல முற்றம் செய்யுற அதே வேலைதான். ஆனா லண்டனோட மிதமான வெயிலை நம்பிக் கட்டினது இது, நம்ம ஊர் மே மாசத்துல இந்தச் செவுளைத் திறந்தா உள்ள இருக்கிறவன் வெந்துருவான், இதை அப்படியே காப்பி அடிக்கலாம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

நடுவுல முற்றம் காலியா வேணும்னா அங்க லிஃப்டு நிக்கக்கூடாது. வழக்கமா ஆபீஸ்ல லிஃப்டு, படி, பைப்பு எல்லாம் நடுவுல ஒரு கான்கிரீட் முதுகெலும்பா இருக்கும், இங்க அதைப் பிச்சு ஓரத்துக்கு தள்ளிட்டாங்க, கண்ணாடி லிஃப்டு சுவரோரமா ஓடுது. நடுவுல ஒரு வெண்கல ராம்ப் சுருண்டு சுருண்டு இறங்குது, 210 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். வர்ற எல்லாரும் முதல்ல லிஃப்டுல ஆறாவது மாடிக்கு போகணும், அங்க காபி, தீனி, செயின்ட் பால்ஸ் காட்சி, அப்புறம் ராம்ப்ல நடந்து அவங்கவங்க இடத்துக்கு. அகலம் ஒன்றரை மீட்டர்ங்கிறது ரெண்டு பேர் நின்னு பேசினாலும் மூணாவது ஆள் இடிக்காம போற அளவு. வேலையாளை எதிரெதிரா முட்ட விடுறதுக்கு செஞ்ச ஏற்பாடுதான், நடந்தா லிஃப்டுக்கு கரண்ட் மிச்சம்ங்கிறது கூட வந்த லாபம்.

மூணாவது கூரை, எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்ச பாகம். உள்கூரைல 25 லட்சம் அலுமினிய இதழ். ஒவ்வொண்ணும் மெலிசா பாலிஷ் பண்ணி, பூ இதழ் மாதிரி லேசா மடங்கி, அஞ்சு இதழுக்கு ஒண்ணுங்கிற கணக்குல நடுவுல 5 லட்சம் எல்.இ.டி. அண்ணாந்து பார்த்தா நகைக்கடை ஷோகேஸ் மாதிரி இருக்கும்னு சொல்லலாம், ஆனா ஒவ்வொரு இதழும் நாலு வேலை பாக்குது. வெளிச்சத்தை திருப்பி கீழ அனுப்புது, அதனால சாதா ட்யூப்லைட் ஆபீஸை விட லைட்டுக்கு 40 சதவீதம் கரண்ட் கம்மி. பின்னாடி குளிர்ந்த தண்ணி ஓடுறதால அறைச் சூட்டை உறிஞ்சுது, அலுமினியம் சூட்டை சீக்கிரம் கடத்தும், இதழ் இதழா இருக்கிறதால சூடு படுற பரப்பும் அதிகம். மடிஞ்சு மடிஞ்சு இருக்கிறதால சத்தத்தை உடைக்குது, நூத்துக்கணக்குல பேர் போன்ல பேசுற ஹால்ல அது முக்கியம். நாலாவதா, அதுவேதான் சீலிங், தனியா சீலிங் போடவேண்டாம். ப்ளூம்பெர்க் கம்பெனி பிறந்த நியூயார்க்ல பழைய கட்டடங்கள்ல தகரத்துல அச்சு குத்தி சீலிங் போடுவாங்க, அதைப் பார்த்து வந்த யோசனை.

ஆள் கணக்கைப் பார்த்து காத்து விடுற வேலையும் இருக்கு. மூச்சு விட்டா கார்பன் டை ஆக்சைடு ஏறும், சென்சார் அதைப் பார்த்து இந்தப் பக்கம் கூட்டம், அந்தப் பக்கம் காலின்னு தெரிஞ்சுக்கிட்டு காத்தைக் கூட்டிக் குறைக்கும். இதுல மட்டும் வருஷத்துக்கு 6 லட்சத்துல இருந்து ஏழரை லட்சம் யூனிட் மிச்சமாகும்னு கணக்கு போட்டிருக்காங்க. காலியா இருக்கிற கான்ஃபரன்ஸ் ரூம்ல ஏசி நடுங்க நடுங்க ஓடுற ஆபீஸ்ல வேலை பார்த்தவங்களுக்கு இதோட அருமை புரியும், நான் ஒரு இடத்துல ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருந்தேன், வெளில 38 டிகிரி.

தண்ணி விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். கூரைல விழுற மழை, வாஷ்பேசின்லயும் ஷவர்லயும் போற தண்ணி, கூலிங் டவர்ல இருந்து வெளியேத்துற தண்ணி, மூணையும் பிடிச்சு சுத்தம் பண்ணி டாய்லெட்டுக்கு விடுறாங்க. டாய்லெட்டு ப்ளைட்ல இருக்கிற மாதிரி காத்தால உறிஞ்சுற வகை, ரொம்பக் கொஞ்சம் தண்ணிதான் வேணும். ஃப்ளஷ் பண்ண குழாய்த் தண்ணி ஒரு சொட்டும் எடுக்கிறதில்ல, சாதா ஆபீஸை விட 73 சதவீதம் தண்ணி கம்மி, வருஷத்துக்கு மிச்சம் இரண்டரை கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி கணக்குல பார்த்தா 2,000 லாரிக்கு மேல. புகழ் எல்லாம் வெண்கலத்துக்கும் இதழுக்கும் போகுது, என்னைக் கேட்டா எந்த ஊர்லயும் எந்தக் கட்டடத்துலயும் செய்யக்கூடிய ஒரே விஷயம் இந்த தண்ணிதான்.

இனி குறைக்கு வருவோம். 98.5ங்கிறது டிசைன் கட்டத்துல வந்த மார்க்குன்னு முன்னாடியே சொன்னேன். சமையல் குறிப்புக்கு குடுத்த மார்க்கு, சாப்பாட்டுக்கு இல்ல. அதே மாதிரி 35 சதவீதம் எனர்ஜி மிச்சம்னு சொல்றது எதோட ஒப்பிட்டுன்னு பார்க்கணும், ஒரு சாதாரண ஆபீஸோட ஒப்பிட்டு. இதுக்குள்ள எத்தனை பேர் உக்கார்றாங்கங்கிறதும் கணக்கை மாத்தும். திறந்தப்ப லண்டன்ல சிதறிக் கிடந்த 4,000 பேரை ஒரே இடத்துக்கு கொண்டு வந்தாங்க, கட்டினது 6,700 பேருக்கு. கடை, நடைபாதை எல்லாம் சேர்ந்த மொத்தப் பரப்பை அப்படியே வகுத்தா 4,000 பேர் இருக்கும்போது தலைக்கு 275 சதுர அடி, 6,700 பேர் வந்தா 164. ஒரு சதுர அடிக்கு எவ்வளவு கரண்ட்ங்கிற கணக்கு நல்லா வரும், ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னு கேட்டா பதில் வேற மாதிரி வரும்.

பெரிய குறை அது இல்ல. கட்டி முடிச்ச பிறகு எவ்வளவு எரிக்குதுங்கிறதுக்கு இந்த மார்க்குல பெரிய பங்கு உண்டு, கட்டுறதுக்கு எவ்வளவு எரிச்சாங்கங்கிறது அப்ப ஓரத்துல இருந்த சமாச்சாரம். 600 டன் வெண்கலத்தையும் ஜப்பான்ல வார்த்து கப்பல்ல கொண்டு வந்தாங்க. செம்பை வெட்டி, உருக்கி, வார்த்து, பாதி உலகம் சுத்தி வந்த மடல், இங்க நின்னு ஏசி கரண்டை மிச்சம் பண்ணுது. அந்த மிச்சம் வார்ப்புக்கு செலவானதை எத்தனை வருஷத்துல அடைக்கும்ங்கிறதுதான் கேள்வி. இந்த மாதிரி கேள்வி இப்ப லண்டன்ல ரொம்ப சூடா ஓடுது, ஆக்ஸ்போர்டு தெருவுல மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையை இடிக்கலாமா வேண்டாமான்னு கோர்ட் வரைக்கும் போய் சண்டை போட்டாங்க. 2010ல பக்லர்ஸ்பரி ஹவுஸை இடிக்கும்போது அந்தச் சண்டையை யாரும் போடல.

இன்னொண்ணு காலம் செஞ்ச கோளாறு. கட்டடத்துக்குள்ளயே கேஸ் எரிச்சு கரண்ட் எடுத்து, அதுல வர்ற சூட்டை வீணாக்காம சூடு பண்ணவும் குளிர வைக்கவும் திருப்பி விடுற ஒரு யூனிட் வச்சாங்க, வருஷத்துக்கு 500ல இருந்து 750 டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம்னு சொன்னாங்க. டிசைன் பண்ணின சமயத்துல அது நியாயம், 2012ல பிரிட்டன் கரண்ட்ல 40 சதவீதம் கிட்ட நிலக்கரி. கிரிட் கரண்டை, அதாவது நாட்டுக்கே பொதுவா கம்பில வர்ற கரண்டை விட சொந்தமா கேஸ் எரிக்கிறது சுத்தம். அப்புறம் என்ன ஆச்சு, காத்தாலை வந்தது, நிலக்கரி குறைஞ்சுக்கிட்டே போய் 2024 செப்டம்பர் 30ம் தேதி ராட்க்ளிஃப்ல இருந்த கடைசி நிலக்கரி மின் நிலையத்தையும் மூடிட்டாங்க. இப்ப கணக்கு தலைகீழ், கிரிட்தான் சுத்தம், கட்டடத்துக்குள்ள எரியுற கேஸ்தான் அழுக்கு. ஆர்க்கிடெக்ட் மேல தப்பு இல்ல, ஆனா 2010ல சரியான விடை 2024ல தப்பாகுறது இந்தத் துறைல சகஜம், செவுளும் முற்றமும் பழசாகாது, மெஷின் பழசாகும்.

2018 ஸ்டெர்லிங் பரிசுக்கு இதோட போட்டி போட்ட பட்டியல்ல லண்டனுக்கு வெளில புஷி கல்லறைத் தோட்டத்துல கட்டின பிரார்த்தனைக் கூடமும் இருந்தது. அதோட சுவர் அந்த இடத்துலயே தோண்டின மண்ணை இடிச்சு இறுக்கி எழுப்பினது, வேலை முடிஞ்சா திரும்ப அதே மண்ணுல கரைஞ்சிடலாம்ங்கிற எண்ணத்துல. ஜெயிச்சது வெண்கலம். பரிசுக்கு பேரு வச்சிருக்கிற ஜேம்ஸ் ஸ்டெர்லிங்கோட நம்பர் ஒன் போல்ட்ரி கட்டடம் ப்ளூம்பெர்க்குக்கு எதிர்த்தாப்புலயே குயின் விக்டோரியா தெருவுல கோடு போட்ட ரோஸ் கலர்ல நின்னு பார்த்துட்டு இருக்குங்கிறது தனித் தமாஷ்.

இருந்தாலும் ஒரு விஷயத்துல நான் ப்ளூம்பெர்க் பக்கம்தான் பேசுவேன். வாடகைக்கு விட ஆபீஸ் கட்டுறவன் இதுல எதையும் செய்ய மாட்டான், ஏன்னா செலவு அவனோடது, கரண்ட் பில்லு குடியிருக்கிறவனோடது. இது சொந்தமா கட்டி சொந்தமா குடியிருக்கிற கட்டடம், செலவழிச்சவனே மிச்சம் பிடிக்கிறான். அதோட வெண்கலமும் மணற்கல்லும் சீக்கிரம் சாகிற சாமான் இல்ல. எத்தனை வருஷம் நிக்கும்ங்கிறதுதான் அந்த ஜப்பான் வார்ப்புக் கணக்கைத் தீர்மானிக்கும், 50 வருஷத்துல இடிச்சா நஷ்டம், 150 வருஷம் நின்னா வேற கதை. முன்னாடி இருந்த பக்லர்ஸ்பரி ஹவுஸ் சுமார் 50 வருஷம்தான் நின்னது.

கோயிலை மறந்துடல. இப்ப அது தெருவுக்கு 7 மீட்டர் அடில, இருட்டுக்குள்ள, கிட்டத்தட்ட பழைய இடத்துலயே இருக்கு. 2010க்கு அப்புறம் தோண்டினப்ப கோயிலோட இன்னும் சில துண்டு மண்ணுலயே அசையாம இருந்தது தெரிஞ்சது, அதைத் தொடாம இருக்கத்தான் சரியா அதே புள்ளில வைக்காம சில மீட்டர் தள்ளி வச்சாங்க. 2017 நவம்பர்ல இருந்து ஜனங்களுக்கு திறந்து விட்டிருக்காங்க, டிக்கெட் கிடையாது. மேல சுவர்ல 600க்கு மேல பொருள், செருப்பு, எழுத்தாணி, காசு எல்லாம் மாட்டி வச்சிருக்கு, கீழ இறங்கினா லேசா புகை மாதிரி மூட்டம், லத்தீன் மந்திரம், மூட்டத்துல லைட் அடிச்சு இல்லாத சுவரையும் தூணையும் இருக்கிற மாதிரி காட்டுறாங்க.

அதைத் திருப்பி வைக்கிறதுக்கு முன்னாடி 1962ல பூசின சிமென்டை ஒவ்வொரு ரோமன் கல்லுல இருந்தும் கொத்தனார்கள் கையால உரிச்சு எடுக்கவேண்டி இருந்தது, கல்லை விட சிமென்ட் கெட்டி, அழுத்தினா கல்லுதான் உடையும். இந்தத் தடவை சுண்ணாம்புக் கலவை போட்டிருக்காங்க, ரோமன் லண்டன்ல பூசினது எப்படி இருந்துச்சுன்னு பழைய துண்டைப் பார்த்து அதே மாதிரி. சுண்ணாம்பு கல்லை விட மெதுவு, நாளைக்கு இதையும் யாராச்சும் கழட்டணும்னு வந்தா கல்லு முழுசா வரும்.